தொழில்சார் எழுத்தாக்கம் படிக்க விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்காக

ஓர் அலுவலகத்தில் 11 வருடம் கோப்புகளோடு வேலை செய்துவிட்டு, கடந்த சில வருடங்களாக மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வார இறுதிகளில் தொழில்சார் எழுத்தாக்கம் கற்பித்து வருகிறேன். உயர்தரம் முடித்த பிள்ளைகளும், அவர்களை அழைத்து வரும் பெற்றோரும், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பது கேட்கப்படும் விதத்திலேயே தெரிந்துவிடுவதால், கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

1. தொழில்சார் எழுத்தாக்கம் எண்டா என்ன மிஸ்? கட்டுரை எழுதுறதத்தானே பள்ளிக்கூடத்திலயும் படிச்சம்?

பள்ளிக்கூடக் கட்டுரையை வாசிப்பவர் ஆசிரியர். அவருக்கு விடயம் முன்பே தெரியும். உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே வாசிக்கிறார். புள்ளி போட்டதும் அந்தத் தாளின் வேலை முடிந்துவிடுகிறது. அலுவலகத்தில் எழுதப்படும் கடிதத்தையோ அறிக்கையையோ வாசிப்பவருக்கு விடயம் தெரியாது. வாசித்து முடித்ததும் அவர் ஏதாவதொன்றைச் செய்தாக வேண்டும்: ஒப்பமிட வேண்டும், பணத்தை விடுவிக்க வேண்டும், ஆளை அனுப்ப வேண்டும், அல்லது மறுக்க வேண்டும். அந்தச் செயல் தவறின்றியும் தாமதமின்றியும் நடப்பதற்காக எழுதுவதே தொழில்சார் எழுத்தாக்கம்.

சிறுபோகம் தொடங்குவதற்கு முன் உன்னிச்சைக் குளத்தை நம்பியிருக்கும் விவசாயிகளுக்கு நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் திறக்கும் நாள், விதைப்புக்கான இறுதி நாள், மாடுகளை வயற்பகுதியிலிருந்து வெளியேற்ற வேண்டிய நாள் எல்லாம் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. கூட்டறிக்கை எழுதியவர் யார் யார் உரையாற்றினார்கள் என்பதை இரண்டு பக்கத்துக்கு எழுதிவிட்டு, விதைப்பின் இறுதி நாளை மூன்றாம் பக்கத்தின் நடுவில் புதைத்துவிட்டால், பிந்தி விதைத்தவனின் வயல் கதிர் வரும் நேரத்தில் தண்ணீர் மூடப்பட்டுவிடும். எழுத்தின் பிழை அங்கே நெல்லில் தெரியும்.

2. அப்ப இது இங்கிலிஷ் வகுப்புத்தானே?

இல்லை. நம் பகுதியில் சுவரொட்டிகளில் ‘தொடர்பாடல் திறன்’ என்று போட்டிருந்தால் அது ஆங்கிலம் பேசும் வகுப்பாகவே இருந்து வந்திருப்பதால், இந்த மயக்கம் இயல்பானது. ஆனால் எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது, வாசிப்பவருக்கு எது ஏற்கெனவே தெரியும், அவர் எந்த இடத்தில் தடுமாறுவார் என்ற தீர்மானங்கள் எந்த மொழிக்கும் தனியுடைமையல்ல. அவற்றைத் தாய்மொழியில் பழகாதவர் ஆங்கில இலக்கணம் முழுவதையும் கற்றாலும் குழப்பமான ஆங்கிலத்தையே எழுதுவார். இதை நான் வருடந்தோறும் கண்ணால் பார்க்கிறேன்.

ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாசிக்குடாவிலும் அறுகம் குடாவிலும் உள்ள விடுதிகளுக்கும், வங்கிகளின் தலைமையகங்களுக்கும், அரச சார்பற்ற நிறுவனங்களின் நன்கொடையாளர்களுக்கும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். என் வகுப்பில் முதல் பாதி முழுவதும் தமிழில் எழுதி, அதே கடிதங்களையே இரண்டாம் பாதியில் ஆங்கிலத்துக்குக் கொண்டு போகிறோம். துறைசார் விடயங்களைத் தமிழ் தாங்குமா என்று தயங்குபவர்களுக்கு நம் மண்ணிலேயே ஒருவர் இருக்கிறார். 1892 இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் கற்றவர். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். விஞ்ஞானக் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியிலும் முன்னின்றவர்.

3. வெளிநாட்டுல இதுக்கெண்டு தனிப் பட்டமே இருக்காமே, உண்மையா?

உண்மைதான். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1958 முதலே இத்துறையில் பட்டப்படிப்பு இருக்கிறது. வாசகரை ஆராய்தல், ஆவணத்தின் அமைப்பைத் திட்டமிடல், பிறர் எழுதியதைச் செப்பனிடல், எழுதியதை உண்மையான வாசகர் ஒருவரிடம் கொடுத்து அவர் எங்கே தடுமாறுகிறார் என்று பரிசோதித்தல் ஆகியவை இத்தகைய படிப்புகளின் உள்ளடக்கம். படிப்பு முடியும்போது மாணவர் தாம் எழுதியவற்றின் தொகுப்பு ஒன்றையும் கையில் வைத்திருப்பார். பட்டத்தின் பெயரை விட அந்தத் தொகுப்பே நமக்குப் பயனுள்ள பாடம்.

4. எனக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி காணாது. இங்க எங்க படிக்கலாம்?

இந்தப் பெயரிலேயே ஒரு பட்டத்தைத் தேடி அலைய வேண்டாம். பெயர் வேறாக இருந்தாலும் இந்த உள்ளடக்கம் பல இடங்களில் இருக்கிறது. வெட்டுப்புள்ளி கிடைத்தவர்களுக்கு வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம், தொடர்பாடல் கற்கைகளுக்குப் பெயர்பெற்ற அதன் திருகோணமலை வளாகம், ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவை உண்டு. வெட்டுப்புள்ளி காணாதவர்கள் உயர் தொழினுட்பவியல் நிறுவகங்கள் வழங்கும் உயர் தேசிய டிப்ளோமாக்களைப் பார்க்க வேண்டும். அவற்றில் ஆங்கிலம், கணக்கியல், முகாமைத்துவம் போன்ற துறைகள் உள்ளன. வேலையோடு படிப்பவர்களுக்குத் திறந்த பல்கலைக்கழகத்தின் மட்டக்களப்பு நிலையம் ஏற்றது. தொழினுட்பக் கல்லூரிகளின் சான்றிதழ்ப் படிப்புகளும் இருக்கின்றன.

எந்த நிறுவகத்தில் எந்த வருடம் எந்தப் பாடநெறி நடக்கிறது என்பது மாறக்கூடியது. ஆகவே வர்த்தமானியிலோ பத்திரிகையிலோ வரும் அனுமதி அறிவித்தலை நீங்களே வாசியுங்கள். சேர்வதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி இரண்டு விடயங்களைப் பாருங்கள். ஒன்று, அறிக்கை, கடிதம், திட்ட முன்மொழிவு ஆகியவற்றுக்குத் தனி அலகு இருக்கிறதா என்பது. மற்றது, எழுதியது திருத்தப்பட்டு மீண்டும் எழுதப்பட வேண்டுமா என்பது. ஒரே தடவை எழுதிப் புள்ளி வாங்கும் படிப்பில் எழுத்து வளராது.

5. மகள் இதப் படிச்சா அரசாங்க உத்தியோகம் கிடைக்குமா டீச்சர்?

பெற்றோரிடம் இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்தப் படிப்பைக் காட்டி நேரடியாக நியமனம் பெற முடியாது. அரச நியமனங்களுக்கு அந்தந்தப் பதவிக்குரிய தகைமைகளும் போட்டிப் பரீட்சைகளும் வேறாக இருக்கின்றன. ஆசிரியத் தொழிலுக்கு ஆசைப்படுபவர்கள் தாழங்குடா, அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரிகளின் வழியையும் விசாரிக்க வேண்டும்.

ஆனால் நியமனம் கிடைத்த பிறகு, அல்லது தனியார் நிறுவனத்தில் நுழைந்த பிறகு நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த ஐந்து பேரில், தலைவர் எந்தக் கடிதத்துக்கும் தேடி அழைப்பவர் ஒருவரே இருப்பார். அவர் எழுதிய வரைவைத் திருத்தாமல் ஒப்பமிடலாம் என்ற நம்பிக்கை தலைவருக்கு இருக்கும். அந்த நம்பிக்கையோடு கூட்டங்களுக்கு அழைப்பும், பொறுப்பும், பதவி உயர்வின்போது நல்லதொரு சிபாரிசும் வந்து சேர்கின்றன. ஆகவே உங்கள் மகளின் பிரதான படிப்பு கணக்கியலாகவோ விவசாயமாகவோ இருக்கட்டும். அதன் பக்கத்தில் இதையும் படிக்கட்டும்.

6. நாங்க கதைக்கிறது மட்டக்களப்புத் தமிழ். அத எழுதினாச் சிரிப்பாங்களே?

பேச்சுத் தமிழ்களுள் இலக்கிய வழக்குக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழே என்று செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில் எழுதியிருக்கிறார். அந்தப் பேச்சை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் எழுத்துத் தமிழுக்கு அஞ்சத் தேவையில்லை. அலுவலகக் கடிதம் எழுத்து வழக்கில் இருக்க வேண்டும் என்பது உண்மை. அதற்காகப் பேச்சைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. நான் மாணவர்களிடம் முதலில் விடயத்தைப் பக்கத்திலிருப்பவருக்கு வாயால் சொல்லச் சொல்கிறேன். வாய்ப்பேச்சில் ஒழுங்கு தானாக வந்துவிடும். அந்த ஒழுங்கைக் காப்பாற்றி எழுத்து வழக்குக்கு மாற்றினால் கடிதம் பாதி முடிந்துவிடும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ல, ள, ழ வேறுபாடும், ர, ற வேறுபாடும், சொற்களைச் சேர்க்கும் இடமும் பிரிக்கும் இடமும் பலருக்குத் தடுமாற்றமாக உள்ளன. ‘கரை’, ‘கறை’ என்ற ஓரெழுத்து மாற்றம் கடற்கரையை அழுக்காக்கிவிடும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. அகராதியைத் திறக்கும் பழக்கமே மருந்து.

7. கடிதத்துக்கு மேல “எனது இல., உமது இல.” எண்டு போடுறது என்னத்துக்கு? சும்மா ஒரு வழக்கம்தானே?

வழக்கமல்ல, அது உங்கள் கடிதத்தின் விலாசம். அலுவலகத்தில் கடிதங்கள் கோப்புகளில்தான் வாழ்கின்றன, ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது. உங்களுக்கு வந்த கடிதத்தில் ‘எனது இல.’ என்று இருப்பதை உங்கள் பதிலில் ‘உமது இல.’ என்ற இடத்தில் எழுதினால், தபாலைப் பிரிப்பவர் உள்ளடக்கத்தை வாசிக்காமலே உரிய மேசைக்கு அனுப்பிவிடுவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில், ஒரு விதவைத் தாயின் கொடுப்பனவு தொடர்பாக வேறோர் அலுவலகத்துக்குப் பதில் எழுதினேன். இலக்கத்தைப் போடவில்லை. என் கடிதம் அங்கே புதிய விடயமாகப் பதியப்பட்டு, வேறொரு கோப்பில் மூன்று மாதம் கிடந்தது. தவறு என்னுடையது; ஆனால் அந்தத் தாய் மூன்று மாதமும் பேருந்தேறி வந்து போனார். அன்றிலிருந்து இலக்கம், திகதி, தலைப்பு, பெறுநரின் பதவிப் பெயர் ஆகிய நான்கையும் பார்க்காமல் எந்தக் கடிதத்தையும் உறையிலிட்டதில்லை. மேலதிகாரியின் ஊடாகச் செல்ல வேண்டிய கடிதத்தில் ‘ஊடாக’ என்ற வரியும், யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்கான ‘பிரதி’ வரியும் இதே வகையைச் சேர்ந்தவை. வேலை நடக்கும் வழியை அவை காட்டுகின்றன.

8. தாழ்மையுடன், மேலான கவனத்திற்கு, யாதெனில்... இதெல்லாம் போடாட்டி மரியாதைக் குறைவு இல்லையா?

இந்தக் கேள்விக்கு வகுப்பில் ஒரு முழு நாளையே ஒதுக்குகிறேன். மாணவர் ஒருவர் பயிற்சிக்காக எழுதிய வாக்கியம் இது: ‘மேற்படி விடயம் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் கொண்டுவருவது யாதெனில், மீனவர் கூட்டுறவுச் சங்க அங்கத்தவர்களாகிய நாம் நீண்ட காலமாகப் பல்வேறு இன்னல்களை எதிர்நோக்கி வருவதாலும், இறங்குதுறையின் மின்விளக்குகள் ஒளிராமையினாலும், இவ்விடயத்தில் ஆவன செய்து தருமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம்.’ இதை வாசித்த அதிகாரி எதைச் செய்ய வேண்டும்? எத்தனை விளக்கு, எந்தக் கம்பம், எப்போதிலிருந்து என்று எதுவும் அவருக்குத் தெரியாது. ‘பல்வேறு இன்னல்கள்’ என்பது அவருடைய மேசைக்கு வரும் எல்லாக் கடிதங்களிலும் இருக்கும் சொல்.

நாங்கள் அதை இப்படி மாற்றினோம்: ‘எமது இறங்குதுறையின் 6 மின்விளக்குகளில் 4, கடந்த மார்ச் 10 முதல் எரியவில்லை. அதிகாலை 3 மணிக்குக் கடலுக்குப் போகும் 40 படகுகள் இருட்டிலேயே தள்ளப்படுகின்றன. இந்த 4 விளக்குகளையும் மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கம்பங்களின் இலக்கங்கள் கீழே உள்ளன.’ மரியாதை எங்கும் குறையவில்லை. ‘ஐயா’ என்ற விளியும், ‘கேட்டுக்கொள்கிறோம்’ என்ற வினையும், முடிவில் ‘நன்றி’யும் அதற்குப் போதும். ஓர் அதிகாரியின் நேரத்தைக் காப்பதும் அவருக்குச் செய்யும் மரியாதைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது என் தனிப்பட்ட விருப்பமும் அல்ல. பொதுமக்களுக்கு விளங்கும் மொழியில் மத்திய அரச நிறுவனங்கள் எழுத வேண்டும் என்று அமெரிக்கா 2010 இல் சட்டமே இயற்றியது. 2023 இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 24495-1 என்ற சர்வதேச நியமம், வாசிப்பவர் தமக்குத் தேவையானதைக் கண்டெடுத்து, விளங்கிக்கொண்டு, பயன்படுத்த முடிவதே எளிய மொழி என்கிறது. மேலே உள்ள இரண்டு வடிவங்களையும் அந்த மூன்று அளவுகளாலும் அளந்து பாருங்கள்.

9. தமிழில எழுதினா கொழும்பில எடுப்பாங்களா?

எடுக்க வேண்டும். 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988 இன் 16 ஆம் திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிருவாக மொழியாக்கியதோடு, ஏனைய மாகாணங்களிலும் ஒருவர் அரச அலுவலகத்துடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை உறுதிப்படுத்தியது. இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

நடைமுறையில், தமிழ் தெரியாத மேசைக்குப் போகும் கடிதம் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும். அந்தக் காத்திருப்பைக் குறைக்க எழுதுபவராலும் முடியும். எட்டாம் கேள்வியில் காட்டிய இரண்டாம் வடிவத்தை எவரும் சில நிமிடங்களில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லிவிடலாம். முதல் வடிவத்தை மொழிபெயர்ப்பவர் அதன் வினைமுற்றைத் தேடியே களைத்துப் போவார். அம்பாறை மாவட்டத்தில் மூன்று மொழிகளும் ஒரே நாளில் ஒரே மேசையில் சந்திப்பதால், அங்குள்ள என் மாணவர்கள் இதை மற்றவர்களை விட விரைவாக உணர்கிறார்கள்.

10. சுயவிபரக்கோவையில எல்லாரும் போடுறதப் போட்டா போதாதா?

பெயர், விலாசம், பரீட்சைப் பெறுபேறுகள், உறவினரல்லாத இருவரின் பெயர்கள் ஆகியவற்றை எல்லோரும்தான் போடுகிறார்கள், நீங்களும் போட வேண்டும். ஆனால் ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவாகச் செயற்படக் கூடியவர்’ என்ற வரிகளால் எந்தப் பயனும் இல்லை. அவற்றை மறுத்து எழுதுபவர் யாருமில்லை. ‘சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் இரண்டு போகங்களுக்குக் கொள்வனவுப் பதிவேட்டை எழுதினேன்’ என்று ஒருவர் போட்டால், நேர்முகப் பரீட்சையில் அந்த வரியிலிருந்தே முதல் கேள்வி வரும். வீட்டுக் கடையில் கணக்கெழுதியதும், கோயில் அல்லது பள்ளிவாசல் நிருவாக சபைக்கு அறிவித்தல் தயாரித்ததும் அனுபவம்தான்; நம் பிள்ளைகள் அவற்றை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலை.

11. பாமினியில ரைப் பண்ணத் தெரியும். யூனிகோட் கட்டாயமா?

கட்டாயம். பாமினி ஓர் எழுத்துரு மட்டுமே. கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவதே பாமினியின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் உங்கள் விண்ணப்பத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும், தேடினாலும் கிடைக்காது, இணையப் படிவங்களிலும் பயன்படாது. யூனிகோடில் தமிழுக்கென்றே சொந்தக் குறியீடுகள் இருப்பதால் எங்கே திறந்தாலும் தமிழாகவே இருக்கும்.

விரற்பழக்கத்தை மாற்றவும் தேவையில்லை. பாமினி விசைகளிலேயே யூனிகோடில் தட்டச்சிடும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய கோப்புகளை மாற்றி எடுத்தால் கொம்புகளையும் கால்களையும், விசேடமாக ஒகர ஓகார எழுத்துகளை, ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். இடையில் கலந்திருந்த ஆங்கிலச் சொற்களும் எண்களுக்குப் பக்கத்திலுள்ள குறிகளும் சிதைந்திருக்கும்.

12. இப்ப எல்லாத்தையும் சாட்ஜிபிடி எழுதித் தருமே, பிறகு ஏன் படிக்கோணும்?

வகுப்பில் அதைப் பயன்படுத்த நான் தடை போடவில்லை. அது தரும் வரைவைத் திருத்துவதே ஒரு பயிற்சி. இறங்குதுறை விளக்குகளைப் பற்றிக் கடிதம் கேட்டபோது, எங்களுக்குக் கிடைத்த வரைவு ‘மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு’ என்று தொடங்கியது. அது தமிழ்நாட்டின் பதவிப் பெயர்; இங்கே அரசாங்க அதிபரும் பிரதேச செயலாளரும்தான் இருக்கிறார்கள். ‘திகதி’ என்று நாம் எழுதுமிடத்தில் ‘தேதி’ வந்திருந்தது. விளக்குகளின் எண்ணிக்கையை நாங்கள் சொல்லாததால், ‘பல விளக்குகள்’ என்று எழுதிவிட்டு மீதியை அழகான வாக்கியங்களால் நிரப்பியிருந்தது. எட்டாம் கேள்வியில் கண்ட முதல் வடிவத்தின் நோய் இங்கேயும் இருந்தது, சொற்கள்தான் புதியவை.

கம்பத்தின் இலக்கத்தை நேரில் போய்ப் பார்த்து வருவதும், கடிதம் யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்று அறிவதும், ஒப்பமிட்டு அதற்குப் பொறுப்பேற்பதும் மனிதரின் வேலை. அந்த மூன்றும் தெரிந்தவருக்கு அந்தக் கருவி உதவும். தெரியாதவருக்கு எது பிழை என்பதே தெரியாது.

13. வாட்சப்பில வேலை நடக்குதே, பிறகு என்னத்துக்கு மின்னஞ்சல்?

உடனே அறிய வேண்டியதற்கு வாட்சப் போதும். பிறகு ஒரு நாள் எடுத்துக் காட்ட வேண்டியதை மின்னஞ்சலிலோ கடிதத்திலோ எழுதுங்கள். குரற்பதிவில் வந்த அறிவுறுத்தலை, ‘இன்று காலை தாங்கள் கூறியபடி’ என்று தொடங்கி இரண்டு வரியில் மின்னஞ்சலாக அனுப்பி வைக்கும் பழக்கம் என் மாணவர்கள் பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

14. வகுப்பில ஏன் தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் எழுத வைக்கிறீங்க? நாங்க அரசியலா படிக்கிறம்?

துல்லியமாகக் கேட்பதற்கு அதை விடச் சிறந்த பயிற்சியை நான் காணவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தகவல் கேட்கும் பிரசை காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலை வழங்குவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் அலுவலகத்திடம் இருக்கும் பதிவுகளைப் பெறுவதற்கானது.

மாணவர்களின் முதல் வரைவு எப்போதும் ‘எங்கள் வீதியை ஏன் இன்னும் போடவில்லை?’ என்றே இருக்கும். அது கோபம், நியாயமான கோபமும்கூட. ஆனால் அதற்குரிய பதிவு எந்தக் கோப்பிலும் இருக்காது. ‘இந்த வீதியின் புனரமைப்புக்கு 2023 இல் ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு? அதற்கான ஒப்பந்தத்தின் பிரதியைத் தரவும்’ என்று எழுதினால் கோப்பைத் திறந்தாக வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யக் கற்றவர் வங்கிக்கும், காப்புறுதி நிறுவனத்துக்கும், தம் மேலதிகாரிக்கும் இதே தெளிவோடு எழுதுவார்.

15. ஒருத்தருக்கு “ஏலாது” எண்டு எழுதுறது எப்படி? மனசு வருத்தமா இருக்கே.

வருத்தம் இருப்பது நல்லது. அது இல்லாதவர்கள் எழுதும் மறுப்புக் கடிதங்கள் மனிதரை உடைத்துவிடுகின்றன. ஆனால் வருத்தத்தால் செய்தியை மறைக்கக் கூடாது. ‘தங்கள் விண்ணப்பம் தொடர்பாகப் பரிசீலனை மேற்கொள்ளப்பட்டு வருகின்ற நிலையில்’ என்று தொடங்கினால், கடன் கிடைக்கும் என்று நம்பி ஒருவர் விதைநெல்லுக்கு முற்பணம் கொடுத்துவிடுவார்.

முடிவை முதல் அல்லது இரண்டாம் வாக்கியத்தில் சொல்லுங்கள். அடுத்து, அவருக்கு விளங்கும் ஒரே ஒரு உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். மூன்றாவதாக, அவர் இனிச் செய்யக்கூடியது ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள்: எந்த ஆவணம் சேர்த்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம், யாரிடம் மேன்முறையீடு செய்யலாம், எந்தத் திகதிக்குள். செய்யக்கூடியது எதுவும் இல்லையென்றால் இல்லாத நம்பிக்கையைத் தராதீர்கள். மாணவர்கள் இதை எழுதி முடித்ததும், அந்தக் கடிதம் தம் தந்தைக்கு வந்ததாக எண்ணி உரத்து வாசிக்கச் சொல்வேன். திருத்தங்கள் அப்போது தாமாக வரும்.

16. கூட்டத்துல எடுக்காத தீர்மானத்த கூட்டறிக்கையில சேர்க்கச் சொல்றாங்க. புதுசாச் சேர்ந்த நான் என்ன செய்ய?

இதைக் கேட்டவர் வகுப்பு முடிந்த பிறகு தனியே வந்து கேட்டார். வேலைக்குப் போகும் பலருக்கு இது ஒருநாள் வரும். கூட்டறிக்கை எழுதுபவர் சாட்சி. அடுத்த கூட்டத்தில் அந்த அறிக்கை வாசிக்கப்பட்டு உறுதிப்படுத்தப்படும்போது, அங்கிருந்தவர்கள் அனைவரும் அதற்குப் பொறுப்பாகிறார்கள். ஆகவே நடக்காததைச் சேர்க்காதீர்கள்.

மறுப்பதற்கு முரட்டுத்தனம் தேவையில்லை. கூட்டத்திலேயே ஒவ்வொரு தீர்மானத்தையும் எழுதியவுடன் ‘நான் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா?’ என்று வாசித்துக் காட்டும் வழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொண்டால், பிறகு எவரும் அதை மாற்றச் சொல்லத் தயங்குவார்கள். அதையும் மீறிக் கேட்டால், ‘இதை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துவிடட்டுமா, ஐயா?’ என்று கேளுங்கள். தலைவருக்குத் தேவையான தீர்மானத்துக்கு அது நேர்மையான வழி. கையெழுத்திலுள்ள மூலக் குறிப்பைத் திகதியோடு பாதுகாத்து வையுங்கள்.

17. ஒரே கடிதத்தைத் தமிழிலயும் இங்கிலிஷிலயும் அனுப்புறம். ரெண்டும் முரண்பட்டா எது செல்லும்?

இதற்குப் பெரிய முன்மாதிரி நம் சட்டங்களிலேயே உள்ளது. பாராளுமன்றம் ஒரு சட்டத்தை ஆக்கும்போதே, உரைகளுக்கிடையில் முரண்பாடு வந்தால் எந்த மொழியின் உரை மேலோங்கும் என்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. அதனால்தான் சட்டங்களின் கடைசிப் பிரிவில் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வரியைக் காண்கிறோம். உடன்படிக்கை, சம்பளம், காணி ஆகியவை தொடர்பான உங்கள் ஆவணங்களிலும் அவ்வாறே எது மூலம், எது மொழிபெயர்ப்பு என்பதை எழுத்தில் வையுங்கள்.

சாதாரணக் கடிதத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் இரண்டு பிரதிகளிலும் உள்ள எண்களையும் திகதிகளையும் பெயர்களையும் மட்டும் தனியே எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முரண்பாடு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். இந்த வேலையை எழுதியவரே செய்யாமல் இன்னொருவரிடம் கொடுங்கள், ஒருவர் தமிழ்ப் பிரதியை உரத்து வாசிக்க மற்றவர் ஆங்கிலப் பிரதியில் விரலை வைத்துக்கொண்டு வரட்டும்.